தந்தை பெயரில் பெர்மிட், மகன் விற்கலாமா?

வணக்கம் தம்பி. மட்டக்களப்பு வவுணதீவில் ஒரு காணி, பெர்மிட் இறந்த தந்தையின் பெயரில், தாய் உயிருடன் இருக்கிறார், மகன் நொத்தாரிசிடம் அறுதி உறுதி முடித்துத் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து முற்பணம் கொடுக்காதீர்கள்.

அறுதி உறுதி என்பது தனியார் காணியின் உரித்தை முழுமையாக இன்னொருவருக்கு மாற்றும் பத்திரம். பெர்மிட், அதாவது அனுமதிப்பத்திரம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு தன் காணியைப் பயிரிடவோ குடியிருக்கவோ கொடுக்கும் அனுமதி மட்டுமே. நிலம் அரசுடையது. அதை நினைத்தபடி விற்க முடியாது. மீறி எழுதும் உறுதி, முத்திரையும் கையொப்பமும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், செல்லாது. ஜயபூமி, சுவர்ணபூமி போன்ற அளிப்புகள், அதாவது அரசு காணியை வழங்கும் பத்திரங்கள், பெர்மிட்டுக்கு ஒருபடி மேல். அவற்றையும் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி இன்றிக் கைமாற்ற முடியாது.

பின்னுரித்தாளராக, அதாவது தந்தைக்குப் பின் காணி சேர வேண்டியவராக, மகன் பெயர் பதியப்பட்டிருக்கலாம். ஆனாலும் தாய் வாழும்வரை அனுபவிக்கும் உரிமை அவருக்கே. அந்த அம்மாவுக்கு இந்த விற்பனை தெரியுமா? அதை முதலில் விசாரியுங்கள்.

பத்து வருடம் இருந்தால் ஆட்சியுரிமை வந்துவிடும் என்று தரகர் சொன்னதையும் நம்பாதீர்கள். அந்த விதி தனியார் காணிக்குத்தான், அரச காணிக்கு இல்லை.

பெர்மிட்டின் பிரதியுடன் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போய், பேரேட்டில், அதாவது அவர்களுடைய பதிவுப் புத்தகத்தில், யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். வரத் தயங்கினால் அந்தக் காணியை விட்டுவிடுங்கள்.