அஷ்டமியில் புறப்பட்ட படகு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். லுமுட் மரினா படகுத்துறையிலிருந்து நண்பர்களுடன் பாய்மரப் படகில் பினாங்குக்குச் சென்றதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தைப்பூசம் கழிந்து எட்டாம் நாள், தேய்பிறை அஷ்டமியில், யாராவது பயணம் புறப்படுவார்களா என்று கேட்டார். எனக்கு இருக்கும் ஐயங்கள் வேறு. பிற்பகலில் மரினாவை விட்டுக் கிளம்பியவர்கள் எதிரே இருக்கும் பங்கோரிலேயே நங்கூரம் போட்டுப் படுத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை நான்கு மணி இருட்டில் ஏன் கிளம்ப வேண்டும்? நன்றாக விடிந்தபின் போயிருக்கலாமே. நடுப்பகலில் இயந்திரத்தை ஓட்டிச் சென்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதைப் பாய்மரப் பயணம் என்று சொல்லலாமா?

என் தாத்தா 1930களில் இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்குக் குறையாகப் பட்டது. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இந்தப் பணக்கார விளையாட்டு எதற்கு என்கிறார் என் கணவர். பன்னிரண்டு வயது மகனோ அடுத்த முறை தன்னையும் அழைத்துப் போவீர்களா என்று கேட்கச் சொல்கிறான். பேருந்தில் ஏறினாலே அவனுக்கு வாந்தி வரும்.

ம.,
சுங்கை சிப்புட்

அன்புள்ள ம.,

அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மற்றக் கேள்விகளுக்கு உரிய விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

அஷ்டமி என்று தெரிந்தே, இன்னும் சொன்னால் அஷ்டமி என்பதாலேயே, அந்த நாளைக் குறித்தோம். மலாக்கா நீரிணையில் கடல்நீர் நாளொன்றுக்கு இரு முறை ஏறி இரு முறை வற்றுகிறது. ஏறும்போது நீரோட்டம் தென்கிழக்கு நோக்கியும் வற்றும்போது வடமேற்கு நோக்கியும் செல்லும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் பூமியும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதால் இரண்டின் ஈர்ப்பும் ஒன்றுசேர்ந்து ஓட்டம் வேகம் பிடிக்கிறது. அஷ்டமியில் நிலவு சூரியனுக்குச் செங்கோணத்தில் நிற்பதால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று குறைத்துவிடுகிறது. அன்றும் அதையடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள உயர வேறுபாடு மிகவும் சுருங்கி, நீரோட்டமும் சோர்ந்திருக்கும். எங்கள் படகு மணிக்கு ஐந்து கடல்மைல் போகக்கூடியது. எதிர்நீர் ஒன்றரை மைல் வேகத்தில் வந்தால் மிஞ்சுவது மூன்றரைதான். வேகமான படகுக்காரர்கள் இதைப் பொருட்படுத்தாமல் போகலாம், எங்களால் முடியாது. அஷ்டமியால் இன்னொரு நன்மையும் உண்டு. தேய்பிறை எட்டாம் நாளின் அரைநிலவு நள்ளிரவை ஒட்டி எழுவதால், விடியற்காலை நான்கு மணிக்கு நல்ல உயரத்தில் நின்று வெளிச்சம் தரும். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் நாங்கள் கிளம்பவில்லை. அதோடு நம் கடற்படையின் நீரளவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்று அட்டவணையையும் வைத்துக்கொண்டு பார்த்தோம்.

அடுத்தது நான்கு மணி. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பங்கோரிலிருந்து பினாங்குத் தீவின் தென்முனை அறுபது கடல்மைலுக்கும் சற்று அதிகம். அங்கிருந்து ஜெரெஜாக் தீவின் ஓரம்வரை சென்று நங்கூரம் போட மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆக மொத்தம் பதினான்கு மணி நேரம். சனவரிக் கடைசியில் பேராக்கில் சூரியன் காலை ஏழரையை ஒட்டி உதித்து மாலை ஏழரையை ஒட்டி மறைகிறது. (1982 சனவரி முதல் நாள் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்ததிலிருந்து நம் காலை எல்லாம் கடிகாரப்படி தாமதமாகத்தான் விடிகிறது.) பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குள் பதினான்கு மணி நேரப் பயணத்தை அடக்க முடியாது என்பதால், நீரோட்டத்தைச் சாதகமாக்கிக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் நிறைய நேரம் கணக்குப் போட்டார். ஆனால் ஓர் ஏற்றமும் ஒரு வற்றும் சேர்ந்தால் பன்னிரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நம் பயணமோ அதைவிட நீண்டது. ஆகவே எந்த மணிக்குக் கிளம்பினாலும் முதல் பாதியில் சேர்த்ததை மறு பாதியில் ஏறக்குறைய இழந்துவிடுவோம். எப்படியும் இரண்டு மணி நேரமாவது இருட்டில் ஓட்டியாக வேண்டும். அந்த இருட்டை எந்த இடத்தில் வைத்துக்கொள்வது என்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது.

பினாங்கின் தென்பகுதி இருட்டில் போய்ச் சேரத் தக்க இடம் அல்ல. அங்கே நீருக்கடியில் மேடுகள் உண்டு, நட்டுவைத்த மீன்பொறிக் கம்பங்கள் உண்டு. நங்கூரமிட்ட கப்பல்கள் நிற்கும். 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தின் விளக்குகளும் அதற்குப் பின்னால் நகரத்தின் விளக்குகளும் ஒரே சுவராக எரியும்போது, அந்த வெளிச்சத்துக்கு முன்னால் வரும் மீன்பிடிப் படகின் சிறு விளக்கு கண்ணுக்கே தட்டுப்படாது. பங்கோரின் மேற்குப் பக்கம் அப்படியல்ல. ஆழமான நீர், பழகிய கரை, பின்புலத்தில் விளக்குக் கூட்டம் இல்லை. அதனால்தான் கடக்க வேண்டிய இருட்டை அங்கே கடந்துவிட்டு, அவ்வளவாகப் பழகாத இடத்துக்குப் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தோம். விடிந்தபின் கிளம்பியிருந்தால் இரவு ஒன்பதரைக்கு மேல் அந்தக் கம்பங்களுக்கு நடுவே தடவிக்கொண்டிருப்போம்.

மரினாவிலிருந்தே நேராக நான்கு மணிக்குக் கிளம்பியிருக்கலாம்தான். ஆனால் லுமுட்டுக்கும் பங்கோருக்கும் இடைப்பட்ட கால்வாய் குறுகலானது. பயணிகள் படகும் மீன்பிடிப் படகுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் வழி அது. முதல்நாள் பிற்பகலில், வெளிச்சத்தில், அதைத் தாண்டித் தீவின் மேற்கே தெலுக் நீப்பாவில் நங்கூரம் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் எதிரே இருப்பது திறந்த கடல் மட்டுமே. அந்த இரண்டு மணி நேர ஓட்டத்தில் வேறொன்றும் தெரிந்துபோகும். எந்தப் பெட்டியைச் சரியாகக் கட்டவில்லை, யாருக்கு வயிறு புரட்டுகிறது, எந்தக் கயிறு சிக்குகிறது என்பதெல்லாம் கரை பக்கத்தில் இருக்கும்போதே வெளிப்பட்டுவிடுவது நல்லது.

விடியலுக்கு முன் கிளம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உங்கள் அம்மாவுக்கு நான் விளக்காமலே புரியும். பால்மரத்தை விடியுமுன் வெட்டுவது, குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதற்காக. இந்தக் கரையில் காற்றும் அப்படியே. இரவெல்லாம் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். சனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். நாங்கள் வடக்கு வடமேற்காகப் போகிறவர்கள் என்பதால் அந்தக் காற்று வலப்பக்கத்திலிருந்து பாயில் விழுந்தது. பாய்மரப் படகுக்கு அதைவிட இதமான காற்று கிடையாது. கரையிலிருந்து வரும் காற்றில் அலையும் எழும்பாது. பந்தாய் ரெமிஸை வெகுதூரம் வலப்புறம் விட்டு மாத்தாங் சதுப்புக்காட்டுக்கு நேராக வரும்வரை பாயின் விசையிலேயே போனோம். அந்தக் காட்டில் வனத்துறை முப்பது ஆண்டுக்கு ஒரு சுற்று என்று முறை வைத்து மரம் வெட்டி நட்டு வளர்க்கிறது. ஆனால் படகிலிருந்து பார்க்கும்போது அது அடிவானத்தில் ஒரு மெல்லிய கோடுதான். கரையோரம் பல மைல் தூரத்துக்குச் சேறு பரவிக் கிடப்பதால் நெருங்க முடியாது.

பதினொரு மணிக்குக் காற்று நின்றது. நிலமும் கடலும் ஒரே சூட்டுக்கு வரும் நேரம் அது. பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து கிளம்பும்வரை பாய் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் இயந்திரத்தை ஓட்டினோம். உங்கள் ஐயம் நியாயமானது என்று கடற்சட்டமே சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, பாய் விரித்திருந்தாலும் இயந்திரம் படகை உந்தினால் அது இயந்திரப் படகுதான். அப்படிப் போகும்போது, பகலில், நுனி கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு ஒன்றை முன்பக்கம் தொங்கவிட வேண்டும். நாங்களும் தொங்கவிட்டோம். இந்த நீரிணையில் இயந்திரத்தைத் தொடவே மாட்டேன் என்று சபதம் செய்பவருக்கு எண்ணிக்கையற்ற விடுமுறை நாட்கள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. காற்று வரும்வரை அவர் மிதந்துகொண்டிருப்பார், நீரோட்டம் வந்த வழியே திருப்பிக் கொண்டுபோகும், இரவும் வந்துவிடும்.

இயந்திரம் ஓடும்போது அஞ்ச வேண்டியது வலைக்குத்தான். கறுப்புக் கொடி கட்டிய மூங்கில் ஒன்று மிதந்தால், அதன் மறுமுனை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்த பிறகே கடக்க வேண்டும். படகை உந்தும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் இயந்திரம் நின்றுவிடும். ஒருவர் கத்தியுடன் நீரில் இறங்க வேண்டியிருக்கும், மீனவரின் பிழைப்பும் கெடும். மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரப் படகுகூட விலகிப் போக வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டு மணிக்கொரு முறை ஆள் மாற்றி ஒருவரை முன்னால் உட்காரவைத்தோம். அவருக்கு அந்நேரம் வேறு வேலையே கிடையாது, பேச்சும் கிடையாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நான்கு மணிக் கணக்கு ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரையிலான மாதங்களில் சுமத்ராப் புயற்காற்று என்று மாலுமிகள் சொல்லும் மேகத்திரள், இரவில் நீரிணையில் திரண்டு, விடியுமுன்னோ விடிந்த சற்று நேரத்திலோ இந்தக் கரையைத் தாக்கும். சில நிமிடங்களில் காற்றின் வேகம் மணிக்கு நாற்பது கடல்மைலைத் தாண்டிவிடும். ஜூன் மாதமாக இருந்தால் அதே நான்கு மணிக்கு நான் நங்கூரத்தைத் தூக்க மாட்டேன்.

ரஜூலாவைப் பற்றி நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு வந்து, பிறகு போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் (இன்றைய போர்ட் கிள்ளான்) சிங்கப்பூருக்கும் போனது. அதாவது நாங்கள் போன இதே நீரிணையில், எங்களுக்கு மேற்கே ஆழமான நீரில், எதிர்த்திசையில் போயிருக்கிறது. அன்று மாலை நாங்கள் ஒதுங்கிய ஜெரெஜாக் தீவில்தான் அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்தார்கள். இதெல்லாம் நங்கூரம் போடும்போது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் திறந்த தளத்தில் மூட்டையோடு மூட்டையாக வந்தவர்கள் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. கப்பல் கம்பெனியும் தோட்ட நிர்வாகமும்தான் தேர்ந்தெடுத்தன. நாள் பார்த்து, நிலவு பார்த்து, நண்பர்களோடு பொழுதுபோக்காகச் சென்ற ஒரு பயணத்துக்கு அவர்களைப் பின்னணி ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் தாத்தாவின் பயணத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதை மறுக்க மாட்டேன். படகு பணம் தின்னும் பொருள்தான். எங்களுடையது பழைய படகு, செலவைப் பங்கிட்டுக்கொள்கிறோம். சுற்றிலும் செம்பனை சூழ்ந்த இந்த ஆயர் தாவாரிலிருந்து காரில் ஏறினால் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடுகிறது என்றாலும், இங்கே பலர் பங்கோருக்குப் பயணிகள் படகில் போனதோடு சரி. எங்களோடு வந்தவர்களில் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார், ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தோட்டத் தொழிற்சாலையின் நீர் இறைக்கும் இயந்திரங்களோடு வளர்ந்த பட்டறைக்காரர் இல்லாவிட்டால் எங்கள் டீசல் இயந்திரம் பாதி வழியில் நின்றிருக்கும்.

மகனை நேராகப் பினாங்குக்கு அழைத்துப் போக மாட்டேன். பங்கோரைச் சுற்றி வரும் ஒரு நாள் ஓட்டத்துக்கு முதலில் வரட்டும். அதுவும் காலைக் காற்று இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். படகின் உள்ளே போகாமல், கைப்பேசியைத் தொடாமல், வெளியே உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுக்கானைக் கையில் கொடுத்துவிடுவேன், ஓட்டுபவருக்கு வயிறு புரட்டுவது குறைவு. வாந்தித் தடுப்பு மாத்திரை தேவையா என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தேவையென்றால் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், புரட்டத் தொடங்கியபின் கொடுத்துப் பயனில்லை. வெறும் வயிற்றோடு வரக்கூடாது. இரண்டு இட்லி போதும், நாசி லெமாக்கைத் திரும்பி வந்தபின் சாப்பிட்டுக்கொள்ளலாம்.