காலனி வட்டமாகவே வருகிறதா? பரவல் கெழுவைப் பாருங்கள்

கிளை விடவேண்டிய பாசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாக் காலனி உங்கள் கணினி உருவகப்படுத்தலில் தோசை மாதிரி வட்டமாகவே விரிகிறது என்றீர்கள். நிரல் பிழையாகத் தெரியவில்லை. பரவல் கெழுவை, அதாவது செல்கள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற அளவை, மாறிலியாக வைத்ததுதான் சிக்கல். அப்படி வைத்தால், பரவலையும் பெருக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் ஃபிஷர் சமன்பாடு போல விளிம்பு எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் நகரும். கவாசாகி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997-இல் செய்தபடி, கெழுவை ஊட்டச்சத்து, செல் அடர்த்தி இரண்டின் பெருக்கலுக்கு விகிதமாக மாற்றுங்கள். முன்னே துருத்திய முனைக்குத்தான் புதுத் தீனி கிடைக்கும். பின்தங்கிய பள்ளம் பட்டினி கிடக்கும். கிளை பிறப்பது இந்த வித்தியாசத்தில்தான். தொடக்க ஊட்டச்சத்தையும் குறையுங்கள், தாராளமாக ஊற்றினால் மறுபடி வட்டம்தான். அப்புறம், கெழுவில் கொஞ்சம் தற்செயல் இரைச்சல் சேருங்கள். இல்லையென்றால் கணக்கிடப் பயன்படும் சதுரக் கட்டத்தின் அச்சுகளை ஒட்டிக் கோலம் போட்டது போல நாலு கிளை வரும். அதைப் பார்த்து நானே ஒரு வாரம் ஏமாந்திருக்கிறேன்.