ஹூஸ்டனில் 35 டிகிரிக்கே ஏன் இப்படிப் புழுங்குகிறது?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரம் அமைந்துள்ள ஹாரிஸ் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) கோடையில் வெப்பமானி 35 டிகிரிதான் காட்டும். உடம்போ 40-ஐத் தாண்டியதுபோல் தவிக்கும். இதுதான் புழுக்கம்: காற்றில் நீராவி மிகுந்து, வியர்வை உலராத நிலை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடலின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. ஏற்கெனவே ஈரம் சுமக்கும் காற்று அதை எளிதில் வாங்கிக்கொள்வதில்லை. மழைநாளில் வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்ட துணி மாலைவரை நசநசவென்றே கிடக்குமே, அதே கதைதான். இங்கே துணிக்குப் பதில் நம் தோல்.

ஈரம் வருவது மெக்சிகோ வளைகுடாவிலிருந்து. வெதுவெதுப்பான அந்த நீர்மேல் தவழ்ந்து வரும் தெற்குக் காற்றை மறிக்க வழியில் ஒரு மலைகூடக் கிடையாது. பிற்பகலில் திடீர் இடிமழை வழக்கம். நின்றதும் புழுக்கம் கூடும், அதுதான் கொடுமை! ஜூன் முதல் நவம்பர் வரை புயல் அச்சம் வேறு. 2017-இல் ஹார்வி புயல் சில இடங்களில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. குளிர்காலம் பெரும்பாலும் மிதமானது.

டெக்சஸ் என்றாலே பாலைவனம் என்று பலர் நினைக்கிறார்கள்; அது மாநிலத்தின் மேற்குக் கோடி, ஹூஸ்டனிலோ ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது.