34,000 வேண்டாம், 10,000 ரூபாவைக் கேளுங்கள்

கேள்வி (சுருக்கம்): யாழ் நகரில் ஒரு கடையில் பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்றின் ‘அல்டிமேட்’ பதிப்பை 34,000 ரூபாவுக்கு வாங்கினேன். சாதாரணப் பதிப்பு அங்கேயே 24,000 ரூபா. கூடுதல் உடைகளும் இரண்டு மேலதிகக் கட்டங்களும் தரும் போனஸ் கோட் என் கணக்கில் வேலை செய்யவில்லை. கேட்கப்போனபோது கடைக்காரர் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தினார். பிறகு அதே போனஸை லண்டனிலுள்ள சித்தப்பாவின் அட்டையில் இணையக் கடையில் வாங்கினேன். விளையாடினால் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. இது பகற்கொள்ளை. முழுக் காசும் வேண்டும். சித்தப்பாவும் வங்கியில் முறையிட்டு அட்டைக் காசை மீட்கத் தயாராக இருக்கிறார்.
– நல்லூர் வாசகர்

பதில்: விலையை விட்டுவிடுங்கள். இரண்டு உடைக்கும் இரண்டு கட்டத்துக்கும் 10,000 ரூபா கேட்பது பேராசையாக இருக்கலாம், குற்றமாகாது. போனஸ் அரைமணி நேரத்தில் முடிந்ததும், கடைக்காரரின் வாய்த்துடுக்கும் எந்த விசாரணையிலும் ஒரு சதம் பெற்றுத் தராது.

உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் “என்னுடையது யூ.கே. கணக்கு, கோட் வேலை செய்யுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். “ஓம், எல்லாக் கணக்கிலும் வேலை செய்யும்” என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் வழக்கு இந்த வரிதான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பெட்டியின் முன்பக்கக் கீழ் மூலையில், வயதுத் தரம் காட்டும் ஈ.எஸ்.ஆர்.பி. முத்திரை தெரிகிறது. அது வட அமெரிக்கச் சந்தைக்கு அச்சிட்ட பெட்டி. டிஸ்க் எந்த பிளேஸ்டேஷன் 5இலும் ஓடும். கோட் அந்தப் பிராந்தியக் கணக்கில் மட்டுமே ஏறும். அந்தப் பதில் இல்லாவிட்டால் “கோட் நல்லது, கணக்குத்தான் வேறு நாட்டுக்குரியது” என்று கடைக்காரர் தப்பியிருப்பார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல் அந்த உரையாடலைத் தொலைபேசியிலேயே அழியாமல் வைத்திருங்கள். முறைப்பாட்டுக்கு விற்பனை நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு மாதம் போய்விட்டது.

இனி, நான் உண்மையில் பயப்படுகிற விடயம். சித்தப்பாவை வங்கிக்குப் போகவிடாதீர்கள்.

அவர் அட்டையில் வாங்கிய போனஸ் சொன்னபடி வந்தது, நீங்கள் விளையாடியும் விட்டீர்கள். பிளேஸ்டேஷன் இணையக் கடையில் 14 நாளுக்குள், பதிவிறக்கம் தொடங்காதிருந்தால்தான் பொதுவாகக் காசு திரும்பும். அதைத் தாண்டி வங்கி வழியாகக் காசைப் பறித்தால் நிறுவனம் அதைக் கடனாகக் கருதிக் கணக்கை முடக்கலாம். முடங்கினால் போவது அந்த ஒரு போனஸ் அல்ல. பல வருடமாக அதே கணக்கில் வாங்கிய எல்லா டிஜிட்டல் கேமும் சேர்ந்தே பூட்டப்படும். அவற்றை நீங்கள் சொத்தாக வாங்கவில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே வாங்கினீர்கள். என்னிடம் வந்தவர்களில் சிறு தொகைக்கு வங்கியில் முறையிட்டு முழுத் தொகுப்பையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அந்த இணையக் கடை சேவை வழங்கும் நாடுகளில் இலங்கை இல்லை. அதனால் சித்தப்பாவின் லண்டன் முகவரியைக் கொடுத்துக் கணக்குத் திறந்தீர்கள். கணக்கை மீட்க மன்றாடும்போது “நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?” என்று கேட்டால் என்ன எழுதுவீர்கள்? பொய் எழுதினால் நிலை இன்னும் மோசமாகும்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். டிஸ்க்கை இரண்டு மாதம் விளையாடிவிட்டு 34,000 ரூபாவும் கேட்டால் கடைக்காரர் அதையே பிடித்துக்கொள்வார். வித்தியாசமான 10,000 ரூபாவை மட்டும், அந்த வாட்ஸ்அப் பதிலின் பிரதியோடு எழுத்தில் கேளுங்கள். 8,000 தந்தாலும் வாங்குங்கள். காசு கைக்கு வந்த பிறகுதான் ‘இனிக் கோரிக்கை இல்லை’ என்று கையெழுத்திடுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் மாவட்டச் செயலகத்துக்குப் போய் அதிகார சபைக்கான முறைப்பாட்டைக் கொடுங்கள். காசைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. அதுவரை கடையின் பெயரைப் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

சித்தப்பா ஏற்கெனவே வங்கிக்கு எழுதிவிட்டாரானால், இன்றே அதை மீளப் பெறச் சொல்லுங்கள்.