எரிமலைச் சாம்பலும் கான்கிரீட்டும்: கேள்வி பதில்

சிமென்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக எரிமலைச் சாம்பல், நுரைக்கல், டஃப் பாறை (எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை) ஆகியவற்றின் தூளைச் சேர்ப்பது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சாம்பல் என்பது எரிந்து தீர்ந்த பொருள்தானே? அது எப்படிச் சிமென்டைப் போல இறுகும்?

பதில்: விறகுச் சாம்பலை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து எஞ்சியதன்று. உருகிய பாறைக் குழம்பு வெடித்துச் சிதறி, படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமே கிடைக்காமல் சட்டென்று குளிர்ந்து, கண்ணாடியாக உறைந்த துகள்களே அதில் பெரும்பகுதி. ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், உடைந்த குமிழிகளின் சுவர்கள் வளைந்த சில்லுகளாகக் கிடப்பதைக் காணலாம்.

தண்ணீர் மட்டும் சேர்த்தால் அது இறுகாது. அதற்குச் சுண்ணாம்பு வேண்டும். சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது, வலிமை தரும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பிணைப்புப் பொருளோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. இறுகிய சிமென்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் இந்தச் சுண்ணாம்பு, வலிமைக்குப் பெரிதாக உதவுவதில்லை. நீரில் மெல்லக் கரைந்து வெளியேறவும் கூடியது. எரிமலைக் கண்ணாடியிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் அந்தக் காரச் சூழலில் கரைந்து, அதே சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பிணைப்புப் பொருளை உருவாக்குகின்றன. வீணாகக் கிடந்ததை வலிமையாக மாற்றும் இந்த வினைதான் எனக்கு இந்தத் துறையில் முதலில் ஈடுபாட்டை உண்டாக்கியது.

கேள்வி: அப்படியானால் எந்த எரிமலைப் பாறையையும் அரைத்துச் சேர்க்கலாமா? எங்களிடம் உள்ள பசால்ட் தூளில் சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு மூன்றும் சேர்ந்து 70 சதவீதத்தைத் தாண்டுகின்றன.

பதில்: இந்த ஒரு எண்ணை நம்பி ஏமாந்தவர்கள் பலர். அமெரிக்கத் தரக்குறிப்பான ஏஎஸ்டிஎம் சி618, இயற்கைப் பொசொலானாவை (சுண்ணாம்போடு இப்படிச் சேர்ந்து இறுகும் பொருளை) ‘என்’ வகுப்பில் வைத்து, அந்த மூன்றின் கூட்டுத்தொகை 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் மெதுவாகக் குளிர்ந்து முழுக்கப் படிகமாகிவிட்ட பசால்ட்டும் அந்தக் கணக்கில் எளிதாகத் தேறிவிடும். பாறையில் சிலிக்கா எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எந்த வடிவில் இருக்கிறது என்பதே முக்கியம். படிகத்துக்குள் சிறைப்பட்ட சிலிக்கா சுண்ணாம்போடு அநேகமாகச் சேராது; அந்தத் தூள் வெறும் நிரப்பியாகவே நின்றுவிடும்.

ஆகவே எக்ஸ் கதிர்ச் சோதனையில் கண்ணாடித் தன்மை இருக்கிறதா என்று பாருங்கள். 45 மைக்ரான் சல்லடையில் 34 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. சிமென்டில் 20 சதவீதத்தைக் குறைத்து, அந்த இடத்தில் உங்கள் தூளைச் சேர்த்துச் செய்த சாந்துக் கட்டி, 7 அல்லது 28 நாட்களில் முழுச் சிமென்டுக் கட்டியின் வலிமையில் குறைந்தது 75 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். நான் முடிவெடுப்பது இந்தக் கடைசிச் சோதனையை வைத்துத்தான்.

கேள்வி: எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: ஐரோப்பியத் தரமான இஎன் 197-1, பொசொலானா கலந்த சிமென்டை 6 முதல் 20 சதவீதம், 21 முதல் 35 சதவீதம் என இரு படிகளாகப் பிரிக்கிறது, 55 சதவீதம் வரை செல்லும் தனி வகையும் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் 15 அல்லது 20 சதவீதத்தில் சோதனைக் கலவை போட்டுப் பார்ப்பதே நல்லது. நுரைக்கல் தூளும் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் கொண்ட டஃப்பும் தண்ணீரை நிறைய இழுக்கும். கலவை இறுக்கமாகத் தெரிந்தவுடன் குழாயைத் திறந்துவிடாமல், நீர்க்குறைப்பானை (குறைந்த நீரிலேயே கலவையை இளக்கும் வேதிப்பொருளை) சேர்த்துச் சரிசெய்யுங்கள். கூடுதலாக ஊற்றும் தண்ணீர், பொசொலானா தரும் நன்மையைக் கரைத்துவிடும்.

கேள்வி: ஏழாம் நாள் சோதனையில் எங்கள் கட்டிகள் வலிமை குறைந்து நின்றன. பொருள் கெட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். பொசொலானா வினை மெதுவானது. சிமென்ட் முதலில் சுண்ணாம்பைத் தந்த பிறகுதான் அது சூடு பிடிக்கும். 28, 56, 90 நாட்களுக்கும் கட்டிகளை எடுத்து வையுங்கள்.

தொடக்க காலத்தில் நான் ஒரே கலவையில் இரண்டு தொகுதிக் கட்டிகள் வார்த்து, ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியிலும் மற்றொன்றை மூடாமல் வெளியிலும் வைத்தேன். மூன்று மாதம் கழித்து உடைத்தபோது, தொட்டியில் இருந்தவை உடைந்த முகத்தில் ஜல்லியும் சேர்ந்து பிளந்திருந்தன; வெளியில் காய்ந்தவற்றில் ஜல்லி முழுசாகப் பெயர்ந்து, அது இருந்த குழி மட்டும் தெரிந்தது. ஈரம் போனதும் வினையும் நின்றுவிட்டது என்பதை அந்தக் குழிகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கியூரிங் நாட்களைக் கூட்டுங்கள். சென்ட்ரிங் பிரிக்கும் நாளை நாட்காட்டியை வைத்து முடிவு செய்யாமல், கட்டியின் வலிமையை வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ரோமானியக் கட்டடங்கள் இன்றும் நிற்பதால், இந்தக் கான்கிரீட்டும் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. நேப்பிள்ஸ் அருகிலுள்ள பொசுவோலி ஊரின் பெயரிலிருந்துதான் பொசொலானா என்ற சொல்லே வந்தது. அந்த மண்ணைச் சுண்ணாம்போடு கலந்தால் நீருக்கடியிலும் இறுகும் என்று பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் ரோமானியர்கள் கட்டியதில் இன்று நாம் பயன்படுத்தும் போர்ட்லண்ட் சிமென்டும் இல்லை, துருப்பிடிக்க இரும்புக் கம்பியும் இல்லை. நமக்கு நெருக்கமான சான்று, 1913-இல் நீர் திறந்துவிடப்பட்ட லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்க்கால்வாய்; அதில் போர்ட்லண்ட் சிமென்டோடு டஃப் பாறைத் தூளை அரைத்துக் கலந்தார்கள்.

கேள்வி: கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மைக்குச் சுண்ணாம்பும் துணைதானே? அது செலவானால் கம்பிக்குக் காப்பு குறையாதா?

பதில்: நியாயமான அச்சம். சுண்ணாம்பு குறைந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சற்று விரைவாக உள்ளே இறங்கலாம். கியூரிங் சரியில்லாத, கம்பியை மூடியிருக்கும் மெல்லிய கவர் கான்கிரீட்டில் இது உண்மையான ஆபத்து. மறுபுறம், நுண்துளைகள் அடைபடுவதால் உப்பிலுள்ள குளோரைடு உள்ளே செல்வது வெகுவாகக் குறைகிறது. காரமும் ஜல்லியும் சேர்ந்து உண்டாக்கும் வீக்கமும் கட்டுப்படுகிறது. கடலோரக் கட்டுமானத்தில் நான் தயங்காமல் இதைப் பரிந்துரைப்பேன். கவரின் கனத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: அண்மையில் பொழிந்த சாம்பலைக் கூரையிலிருந்து கூட்டி அள்ளி நேரடியாகப் பயன்படுத்தலாமா?

பதில்: கம்பி உள்ள கான்கிரீட்டில் வேண்டாம். புதுச் சாம்பலின் மேற்பரப்பில் குளோரைடு, சல்பேட் உப்புகள் ஒட்டியிருக்கும். கழுவி, உலர்த்தி, அரைத்து, மேலே சொன்ன சோதனைகளில் தேறிய பிறகே அது சிமென்டோடு சேரலாம்.