இறுக்கமாக ஏறுகிற ஹோஸ்தான் சரியான ஹோஸ்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கமுங்க. தாளவாடியில கொஞ்சம் காடு இருக்குது, வாரம் ஒருக்கா திம்பம் ஏறி இறங்கோணும். வண்டி 2010 மாடல் டர்போ டீசல். போன மாசம் ஏத்தத்துல 'டப்'புன்னு ஒரு சத்தம். பிக்கப் போச்சு, பின்னாடி ஒரே கரும்புகை. டர்போ ஊதுற சூடான காத்தை ஆற வெக்கற இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ் கிழிஞ்சிருச்சு. ஆன்லைன்ல நீலக் கலர் சிலிக்கான் ஹோஸ் ரெண்டு வாங்கினனுங்க. பைப்புல பாதிகூட ஏற மாட்டேங்குது. "எஞ்சின் ஆயில் தடவுனா வழுக்கிட்டுப் போயிரும்"ங்கறார் மெக்கானிக். "சைஸ் தப்பு, திருப்பி அனுப்புங்க"ங்கறார் மச்சான். யாரு சொல்றதைக் கேக்கறதுங்க?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள். ஆயில் எப்போதுமே வேண்டாம்.

முதலில் அளந்து பாருங்கள். பைப் நுனியில் மோதிரம்போல உயர்ந்து நிற்கும் விளிம்பில் அளக்கக் கூடாது. அதைத் தாண்டி, பைப் நேராக ஓடும் இடத்தில் வெர்னியர் வைத்து வெளிவிட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹோஸின் உள்விட்டம். பைப் 60 மில்லி, ஹோஸ் 60 அல்லது 59 என்றால் உங்களுக்கு வந்தது சரியான ஹோஸ். 57 என்றால் அது வேறு சைஸ். மச்சான் சொன்னபடி திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பழைய ரப்பர் ஹோஸ் மாதிரி சுலபமாக ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சிலிக்கான் ஹோஸின் சுவருக்குள் மூன்று நான்கு அடுக்குத் துணி இருக்கிறது. அது விரிந்து கொடுக்காது. காற்றழுத்தத்தில் ஹோஸ் பலூன்போல உப்பாமல் இருப்பதும் அந்தத் துணியால்தான், மாட்டும்போது முரண்டு பிடிப்பதும் அதே துணியால்தான்.

இந்த இறுக்கம் ஏன் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டர்போ 1.2 பார் அழுத்தத்தில் ஊதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மில்லி விட்டமுள்ள வாயின் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட 34 கிலோ பலம் ஹோஸைப் பைப்பிலிருந்து பிடுங்கப் பார்க்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீங்கள் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு மிதிக்கும்போது இந்த இழுவை வந்து வந்து போகும். அங்கே ஆயிலைத் தடவி வைத்தால் என்ன ஆகும்? ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, ஒன்பதாவது வளைவுக்கு மேலே, நான் இதைப் பட்டே தெரிந்துகொண்டேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் தடவி மாட்டிக் கொடுத்திருந்தார்கள். கிளாம்ப் இறுக்கமாகவே இருந்தது, ஹோஸ் மட்டும் அதோடு சேர்ந்து கழன்று தொங்கியது. குழந்தைகள் வண்டியில் இருந்தார்கள். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. வழுக்குவது ஒரு பக்கம் இருக்க, ஆயில் பட்டால் சாதா சிலிக்கான் ஊறி உப்பி வலுவிழந்துவிடும்.

மாட்டும் முறைக்கு வருகிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். பைப்பில் பழைய ஆயில் படலம் துளிகூட இல்லாமல் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துணி நனைத்துத் துடையுங்கள். அலுமினியப் பைப்பின் விளிம்பில் பிசிறு இருந்தால் எமரி பேப்பரில் தேயுங்கள்; ஹோஸின் உள்பக்கத்தைக் கிழிப்பது அந்தப் பிசிறுதான். கிளாம்பை முதலிலேயே ஹோஸில் கோத்துவிடுங்கள். வழுக்கலுக்கு ஹேர் ஸ்பிரே நல்லது: ஈரமாக இருக்கும்வரை வழுக்கும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். அது இல்லையென்றால் அதே ஸ்பிரிட்டை ஹோஸின் உள்ளே தடவி, ஆவியாவதற்குள் ஏற்றுங்கள். இரண்டுமே பற்றி எரியும் சமாச்சாரம், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரும் போதும். ஆனால் அது காய ஒரு ராத்திரி விட வேண்டும். கொதிதண்ணீரில் முக்கச் சொல்வார்கள். ரப்பர் இளகுகிற அளவுக்கு சிலிக்கான் சூட்டில் இளகாது, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

முடிந்தால் பைப்பைக் கழற்றி வெளியே எடுத்து, ஹோஸின் ஒரு முனையை மேசைமேல் வைத்தே மாட்டிவிடுங்கள். மறு முனைக்கு இன்டர்கூலர் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஒரு விரல் அளவு இடம் கிடைக்கும். நேராகத் தள்ளாதீர்கள். கீழ் உதட்டை முதலில் விளிம்புக்கு மேல் ஏற்றி, பிறகு இடமும் வலமும் முறுக்கியபடியே மேல் உதட்டை அழுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிற கையைப் பிடித்து நிறுத்துங்கள். உள்ளே ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாகத் துணி அடுக்குக்குள் ஆயில் இறங்கிவிடும்.

கிளாம்பிலும் காசு பார்க்காதீர்கள். பட்டையில் வரிசையாக வெட்டு விழுந்த சாதா ஹோஸ் கிளிப் சிலிக்கானை அந்த வெட்டுகள் வழியே பிதுக்கி அறுத்துவிடும். உள்பக்கம் வழவழப்பான டீ-போல்ட் கிளாம்ப் வாங்குங்கள். அது விளிம்புக்குப் பின்னால் உட்கார வேண்டும், விளிம்பின் மேலேயே அல்ல. இன்டர்கூலரின் முனைத் தொட்டி பிளாஸ்டிக் என்றால் பலம் காட்டாமல் இறுக்குங்கள், வெடித்துவிடும். ஒருமுறை ஓட்டி, முழுக்க ஆறிய பிறகு மறுபடி அரைச் சுற்றுப் பாருங்கள்.

ஐடிலிங்கில் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடுவது வீண், அப்போது டர்போ அழுத்தமே கொடுக்காது. நம்ம பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லையே. டர்போவுக்குள் காற்று நுழையும் வாய்க்குப் பொருந்தும் ஒரு அடைப்பானைக் கடைந்து, டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு 10 முதல் 12 பிஎஸ்ஐ காற்றுவிட்டு நுரை தடவுங்கள். அடைப்பானுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

கடைசியாக, வாங்கியது நல்ல சரக்கா என்பது. பழைய எஞ்சினில் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியாக ஆயில் ஆவி எப்போதும் வரும். சாதா சிலிக்கான் அதில் வேர்த்து, ஆயில் வெளியே பூத்துவிடும். டர்போ ஹோஸுக்கு உள்பூச்சு ஆயிலைத் தாங்கும் ஃப்ளோரோசிலிக்கானாக இருக்க வேண்டும். வெட்டு முனையைப் பாருங்கள்: துணி அடுக்குகளை எண்ணலாம், உள்பூச்சு தனி வளையமாகத் தெரியும் ஹோஸ்களும் உண்டு. விளம்பரத்தில் உள்பூச்சு உண்டு என்று போட்டுவிட்டு அது இல்லாததை அனுப்பியிருந்தால், 2020 மின்வணிக விதிகளின்படி விற்றவர் திருப்பி எடுக்க மறுக்க முடியாது. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆனால் நீங்கள் கீறியதையும் ஆயில் தடவியதையும் திருப்ப முடியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே வெர்னியரோடும் பில்லோடும் போட்டோ எடுத்து வையுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதிலும் ஆகவில்லை என்றால் விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கழற்றிய பழைய ஹோஸுக்குள் ஈரப்படலம் இருந்தால் பரவாயில்லை. ஆயில் குட்டையாக நின்றிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், டர்போ சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் குடித்து டீசல் எஞ்சின் சாவியை அணைத்தும் நிற்காமல் ஓடி உடைவது உண்டு.

கேள்வி: நாமக்கல்லில் லாரிக்குப் போடும் சிலிக்கான் ஹோஸை வெட்டி காருக்குப் போடலாமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: உள்விட்டம் பொருந்தி, போகிற பாதையும் நேராக இருந்தால் இன்டர்கூலர் பக்கம் தாராளமாகப் போடலாம். அதில் நல்ல தடிமனான சரக்கு கிடைக்கிறது. நேர் ஹோஸை மடக்கி வளைவுக்குப் போடாதீர்கள், மடிப்பில் காற்று அடைபடும், அங்கேயே கிழியும். ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் பக்கம் மட்டும் வேண்டாம். அங்கே அழுத்தம் அல்ல, உறிஞ்சல். சுவருக்குள் கம்பிச் சுருள் வைத்த ஹோஸாக இல்லாவிட்டால் ஏற்றத்தில் சப்பிப் போய்விடும்.