மிட்கேப் மொமென்டம் இ.டி.எஃப்: எப்படி வாங்குவது?

கேள்வி: மாதம் 30,000 ரூபாயை மிட்கேப் மொமென்டம் இ.டி.எஃப்-ல் போட நினைக்கிறேன். சாதாரண மிட்கேப் இ.டி.எஃப்-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – ஈரோடு வாசகர்

பதில்: இ.டி.எஃப் என்பது ஒரு குறியீட்டை அப்படியே பின்பற்றும், பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட். நடுத்தர அளவு (மிட்கேப்) நிறுவனங்களுக்கான நிஃப்டி மிட்கேப் 150 குறியீட்டில், சந்தை மதிப்பில் 101 முதல் 250-வது இடம் வரை உள்ள நிறுவனங்கள் இருக்கும். மொமென்டம் இ.டி.எஃப் பின்பற்றும் மொமென்டம் 50 குறியீடு, அவற்றில் கடந்த 6 மாதம், 12 மாதங்களில் நன்றாக விலை ஏறிய 50 பங்குகளை, ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுத்துத் தேர்வு செய்கிறது. கம்பெனியின் லாபமோ கடனோ இந்தச் சூத்திரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. அவற்றைப் பார்ப்பது குவாலிட்டி 50 என்ற வேறொரு குறியீடு.

பங்குகளை மாற்றுவது ஜூன், டிசம்பரில் மட்டுமே. அடி விழுவதும் இங்கேதான். ஜனவரியில் சந்தை திசை மாறினால், பழைய ஏற்றக்காரர்களை ஜூன் வரை சுமக்க வேண்டும். ஏழு ஆண்டுகளாவது காத்திருக்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

வாங்கும் விலைதான் பலரும் கோட்டைவிடும் இடம். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் ஐ-என்.ஏ.வி (ஒரு யூனிட்டின் அந்த நேரத்து உண்மை மதிப்பு) 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர்கள் வரிசையில் 60.10-க்கு 200 யூனிட், 60.40-க்கு 150, அதற்கடுத்து 61.20-க்கு 1,000 இருக்கின்றன. 500 யூனிட்டுக்கு மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு வாங்கச் சொல்வது) போட்டால் 30,260 ரூபாய் போய்விடும். உண்மை மதிப்பு 30,000தான். 0.87% அங்கேயே காலி! செலவு விகிதத்தில் (ஃபண்ட் நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கட்டணம்) 0.1% குறைவாக இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்ததற்கு என்ன பலன்?

எனவே லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்வது) மட்டும் போடுங்கள், 60.10 அளவில். மீதி நிறைவேறாவிட்டால் மறுநாள் போடலாம். காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் முதல் கால் மணி நேரம் வேண்டாம். அப்போது வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் கேட்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். தினமும் சில நூறு யூனிட்களே கைமாறும் இ.டி.எஃப் என்றால், ஃபண்ட் நிறுவனத்திடமே வாங்கும், அதே குறியீட்டின் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி (மாதாமாதம் ஒரே தொகை) போடுவதே நல்லது. அன்றைய என்.ஏ.வி-யிலேயே (யூனிட்டின் அன்றைய மதிப்பு) யூனிட் கிடைக்கும், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கும் தேவையில்லை.

கேள்வி: ஆண்டுக்கு இரண்டு முறை பங்குகள் மாறுவதால் எனக்கு வரி வருமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: வராது. ஃபண்டுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. உங்கள் யூனிட்டை விற்கும்போதுதான் வரி. 2024 ஜூலை 23 முதல், 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20%. அதற்குமேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டும் நீண்டகால லாபத்துக்கு 12.5%. பங்குகளை விற்ற லாபமும் இந்த 1.25 லட்சத்துக்குள்ளேயே அடங்கும்.